மண்ணின் விலையும் கையின் விலையும்

பொன்னகை வாங்கச் செல்லும் நம் குடும்பங்களுக்கு விலைச்சீட்டில் இரண்டு சொற்கள் நன்கு பழகியவை: செய்கூலி, சேதாரம். கடைக்காரர் சொல்லும் விழுக்காட்டைச் சற்றுக் குறைத்துக் கேட்டுப் பார்ப்போம். பின்னர் கொடுத்துவிட்டு வருவோம். உருக்கவும் நீட்டவும் பதிக்கவும் ஒரு கை உழைத்திருக்கிறது. அக்கைக்குக் கூலி உண்டு என்பதை அங்கே யாரும் மறுப்பதில்லை. ஆனால் அதே நாம், சுடுமண்ணால் செய்த ஒரு கழுத்தணியைக் கையில் எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கிறது: “மண்தானே, இதற்கா இவ்வளவு விலை?”

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் வீட்டிலிருந்தபடியே சுடுமண் நகை செய்து விற்கும் பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது. அவர்களுடைய உழைப்புக்குக் கூலி மிஞ்சுமா மிஞ்சாதா என்பது இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அமைகிறது. பொன்னில் பொருளின் விலையும் கையின் விலையும் கலந்து கிடக்கின்றன. பொருளின் விலையே மிகுதி. மண்ணிலோ பொருளின் விலை மிகச் சொற்பம்; ஏறத்தாழ முழு விலையும் கையின் விலையே. ஆகவே ஒரு சமுதாயம் கைத்தொழிலை உள்ளபடி மதிக்கிறதா என்பதை அறிவதற்குப் பொற்கடையைவிட மண்நகையே நல்ல உரைகல் எனலாம்.

ஆறு கொணர்ந்த மண்

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரை வழியாக வில்லியனூரைத் தொட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது சங்கராபரணி ஆறு. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் இதனை அழைப்பர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலத்தின் குறுக்கே ஓடும் இவ்வாற்றின் கரையில், நகைத்தொழிலின் வரலாறு ஈராயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் படிந்திருக்கிறது.

ஆற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையிலான குழுவினர் மீண்டும் ஆராய்ந்தனர். உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களே அரிக்கமேட்டுக்கு உலகப் புகழைத் தந்தன என்றாலும், அம்மண்ணில் வரலாறு நெடுக வேலை செய்தவர்கள் மணி செய்வோரே. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக வெட்டி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுக்கிச் செய்யப்பட்ட சிறுமணிகளை அறிஞர்கள் இந்தோ பசிபிக் மணிகள் என்பர். இவ்வகை மணிகளைப் பீட்டர் பிரான்சிஸ் விரிவாக ஆராய்ந்தார். அவை செய்யப்பட்ட மிகப் பழைய இடங்களுள் ஒன்றாக அரிக்கமேட்டைக் கணித்தார். இவ்வகைச் சிறுமணிகள் கிழக்கே தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும் மேற்கே ஆப்பிரிக்கக் கரையிலும் கிடைக்கின்றன. அக்கடல் வழிகளே பின்னாளில் அரபு வணிகரும் மரக்காயரும் பயணித்த வழிகள்.

ஆற்றின் மேற்புறம் வில்லியனூர் உள்ளது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த இவ்வூரின் சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருக்கிறது. இவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மண்ணை அணியாக அணிவதும் நம் நாட்டில் புதிதன்று. கீழடி உள்ளிட்ட தமிழக அகழாய்வுகளில் சுடுமண் மணிகளும் காதணிகளும் தொடர்ந்து கிடைத்து வருகின்றன. பொன் அணிந்தவர் சிலராகவும் மண் அணிந்தவர் பலராகவும் இருந்த ஒரு காலத்தை அவை நமக்குச் சொல்கின்றன. இடையில் மறைந்து, அண்மைக் காலத்தில் ‘டெரகோட்டா நகை’ என்ற பெயரோடு அந்த அணி திரும்பி வந்திருக்கிறது. குயவர் குடியில் பிறவாத பெண்களும் இப்போது பயிற்சி பெற்று அதனைச் செய்கின்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் உண்டு.

ஒரு நாளின் வேலை

இத்தொழிலை வீட்டில் செய்யும் பெண்ணின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அறிந்தாலன்றி விலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதல் வேலை மண். ஏரிக் களிமண்ணைக் கட்டியாகக் கொணர்ந்து உலர்த்தி, இடித்து, கல்லும் வேரும் நீக்கிச் சலித்து, நீரில் ஊறவைத்துக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, மிஞ்சிய குழம்பைப் பதமாக உலரவிட வேண்டும். பின்னர் சப்பாத்தி மாவைப் போல நெடுநேரம் பிசைய வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கினாலும் சூளையில் அந்த மணி வெடிக்கும். மண் எடுப்பதிலும் முன்பு இடர் இருந்தது. ஏரி, குளங்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வகையில் 2024இல் தமிழக அரசு விதிகளை எளிதாக்கியது. ஆயினும் ஒரு கூடை மண்ணே போதும் என்னும் வீட்டுத் தொழிலாளி, பதப்படுத்திய மண்ணைப் பொட்டலமாக விலைக்கு வாங்கிக்கொள்வதே வழக்கம்.

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் வரையில் அடுப்படி வேலை. அதன் பிறகு லுஹர் வரையில் கிடைக்கும் மூன்று மணி நேரமே உருவம் கொடுக்கும் நேரம். சிறு உருண்டைகளைச் சம அளவாக உருட்டி, ஈரம் சற்று வற்றியதும் ஊசியாலோ ஈர்க்காலோ துளையிட வேண்டும். மிக ஈரமாக இருக்கும்போது துளையிட்டால் மணி நசுங்கும். மிகக் காய்ந்தபின் துளையிட்டால் பிளக்கும். தோடு, ஜிமிக்கி, பதக்கம் ஆகியவற்றுக்கு மண்ணைத் தகடாகத் தேய்த்து வெட்டி, இழைகளை ஒட்டி, முனைகளை நீர் தொட்டு மெழுக வேண்டும். களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஆகவே நினைத்த அளவைவிடப் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒரு சோடித் தோட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் சுருங்கினால்தான் அது சோடி. அவ்வாறு அமைவதற்குப் பழகிய விரலைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

செய்தவற்றை நிழலில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முதலில் காய்ந்து வெடிப்பு விழும். மழைக்காலத்தில் உலரவே உலராது. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. சுடாத மண்ணுக்கு நீர் பட்டால் அது மீண்டும் சேறுதான். இத்தொழிலுக்கு வடகிழக்குப் பருவமழை என்றால் என்ன பொருள் என்பதை இதனால் உணரலாம்.

பின்னர் நெருப்பு. சிறு பானைக்குள் மரத்தூளோ உமியோ பரப்பி, அதன் நடுவே மணிகளை ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி, வறட்டியும் விறகும் சூழ மெல்லச் சூடேற்றுவார்கள். அவசரம் கூடாது, எஞ்சிய ஈரம் ஆவியாக மாறி வெளியேற வழியின்றி மணியை உடைத்துவிடும். ஏறக்குறைய 600 பாகை செல்சியசைத் தொடும்போது களிமண்ணின் நுண்கட்டமைப்புக்குள் பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடுகிறது. அதன் பிறகு அது நீரில் கரையாது. மண் என்னும் நிலையைக் கடந்து வேறொரு பொருளாகிறது. காற்றோட்டம் இருந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். வாயை மூடிப் புகையை உள்ளே அடைத்தால் அதே மண் கறுப்பாகும். 

சூளை ஆறியதும் மணியை நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென ஒலித்தால் நன்கு வெந்தது. மந்தமாக ஒலித்தால் வேகவில்லை. மனிதப் படைப்பைக் கூறும் திருக்குர்ஆன் வசனம் (55:14), சுட்ட மட்கலம் போல் ஒலிக்கும் காய்ந்த களிமண்ணைக் குறிக்க ‘ஸல்ஸால்’ என்ற சொல்லை ஆள்கிறது. அச்சொல்லிலேயே ஓசை அடங்கியிருப்பதாக மொழியறிஞர்கள் கூறுவர். அவ்வசனத்தை ஓதும் நம்மில் பலர் அந்த ஓசையைக் கேட்டிருக்க மாட்டோம். சூளைக்கு முன் அமர்ந்திருக்கும் அப்பெண் நாள்தோறும் கேட்கிறாள்.

அஸருக்குப் பின் வண்ணம் தீட்டல், நூலில் கோத்தல், கொக்கியும் வளையமும் பூட்டல். இரவில் பிள்ளைகள் உறங்கியபின் கைபேசியில் வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு மறுமொழி. பின்னர் பெட்டியில் பஞ்சும் காகிதமும் திணித்துக் கூரியருக்கு ஆயத்தம் செய்தல். வழியில் உடைந்தால் இழப்பு பெரும்பாலும் அவளுடையதே.

இனி ஒரு சிறு கணக்கு. நாற்பது மணிகள் கொண்ட ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். உருட்ட, துளையிட, மெருகேற்ற, வண்ணம் தீட்ட, கோக்க என ஒரு மணிக்கு எல்லாமாக 5 நிமிடம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 200 நிமிடமாகிறது. பதக்கமும் தோடும் சேர்ந்தால் ஐந்து மணி நேரம். இதனை 250 ரூபாய்க்கு விற்று, கொக்கி, வண்ணம், நூல், எரிபொருள், பெட்டி ஆகியவற்றுக்கு 100 ரூபாய் கழித்தால் எஞ்சுவது 150. மணிக்கு 30 ரூபாய். இதிலும் ஐம்பதைக் குறைக்கச் சொல்லித்தான் நாம் கேட்கிறோம். அந்த ஐம்பது கூலியின் மூன்றில் ஒரு பங்கு என்பதை அறியாமலே கேட்கிறோம்.

வடிவம் பற்றிய வினா

முஸ்லிம் பெண் இத்தொழிலில் இறங்கும்போது அவளுக்கு மட்டுமே உரிய ஒரு வினாவும் எழுகிறது. சுடுமண் நகையில் மிகுதியாக விற்பவை கோயில் நகைகளைப் பின்பற்றிய வடிவங்கள்: இலக்குமி உருவம், மயில், யானை. இவற்றைச் செய்யாமல் தொழிலை நடத்த இயலுமா?

இதனையொத்த ஒரு வழக்கு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து, தம் வாழ்க்கை கைத்தொழிலிலேயே நடைபெறுவதாகவும், தாம் உருவங்கள் செய்பவர் என்றும் கூறினார். உருவம் செய்வோர் குறித்து நபி (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) எடுத்துரைத்தார்கள். கேட்டவர் முகம் வெளிறிப் போனது. அதனைக் கண்ட அவர்கள் அம்மனிதரைத் தொழிலை விட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. செய்தே தீர வேண்டுமாயின் மரத்தையும் உயிரற்ற ஏனையவற்றையும் செய்துகொள்ளுமாறு வழிகாட்டினார்கள். ஒருவருடைய பிழைப்பின் வாயிலை அடைக்காமல் அதன் திசையை மாற்றிவிட்ட மார்க்க அறிவின் கனிவு இங்கே வெளிப்படுகிறது. உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி அறிஞர்களிடையே விரிவான கருத்து வேறுபாடுகள் உண்டு; எனினும் இலை, பூ, கோடு, கோணம் ஆகியவற்றில் யாருக்கும் ஐயமில்லை.

இத்தடை வறுமையைத் தரவில்லை. செல்வத்தையே தந்தது என்பதற்கு இஸ்லாமியக் கலை வரலாறு முழுவதும் சான்று. கொடிப் பின்னலும் எண்கோண விண்மீனும் கொர்தோபாவிலிருந்து ஆக்ரா வரை பரவியது இவ்வாறே. நம் வட்டாரத்திலேயே செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் பெயரால் எழுந்த பள்ளிவாசலின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றோடு நம் மண்ணின் மாங்காய், மல்லிகை மொட்டு, அரசிலை, புளியம்பூ ஆகியவையும் இருக்கின்றன. புளியங்காட்டால் பெயர் பெற்றதாகக் கூறப்படும் திண்டிவனத்தில் இருந்துகொண்டு, புளியம்பூவின் மஞ்சளிலும் அதன் செந்நிற நரம்பிலும் ஒரு தோட்டுக்கான வடிவத்தைக் காண்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. சந்தையில் எல்லாரும் செய்வதையே தானும் செய்யும் கைவினைஞர் விலையில் போட்டியிட வேண்டும். தனக்கென ஒரு வடிவம் உடையவர் போட்டியிட வேண்டியதில்லை.

நபிகளார் காலத்து நகைகள்

நகைத்தொழில் நம் மூல நூல்களில் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் பொருளன்று. மக்கா வெற்றியின்போது, புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, இத்கிர் என்னும் புல்லுக்கு மட்டும் விலக்களிக்குமாறு அப்பாஸ் (ரலி) வேண்டினார்கள். கொல்லருக்கும் வீடுகளுக்கும் அது தேவை என்பதே அவர்கள் கூறிய காரணம். நபி (ஸல்) அவர்கள் அவ்விலக்கை அளித்தார்கள். உலை மூட்டும் தொழிலாளியின் தேவைக்காகப் புனித எல்லையின் சட்டத்திலேயே ஓர் இடம் விடப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அலீ (ரலி) அவர்கள் தம் திருமண விருந்துச் செலவுக்கு வழிதேடியபோது, கைனுகா குலத்துப் பொற்கொல்லர் ஒருவருடன் சேர்ந்து அதே இத்கிர்ப் புல்லைக் கொணர்ந்து பொற்கொல்லருக்கு விற்கவே திட்டமிட்டார்கள். பொற்கொல்லர் தொழில் பற்றி இமாம் புகாரி (ரஹ்) அமைத்த தனித் தலைப்பின்கீழ் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன.

பொன் அல்லாத எளிய நகைகளும் அந்நூல்களில் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைத்த கழுத்தணி யமன் நாட்டுக் கல்மணிகளால் ஆனது. பெருநாள் தொழுகைக்குப் பின் பெண்களிடம் தர்மம் செய்யுமாறு கூறப்பட்டபோது பிலால் (ரலி) அவர்களின் துணியில் வந்து விழுந்தவற்றுள் காதணிகளோடு ‘ஸிகாப்’ என்னும் மாலைகளும் இருந்தன. நறுமணப் பொருள்களைப் பிசைந்து உருட்டிக் கோத்த மாலையே ஸிகாப் என்று விளக்கம் தரப்படுகிறது. பிசைந்து, உருட்டி, கோத்த மணி! இன்றைய சுடுமண் மாலைக்கு அதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. குழந்தைகளுக்கும் அதனை அணிவித்தனர்.

வீட்டிலிருந்து பொருள் செய்து விற்ற பெண்களும் அச்சமுதாயத்தில் இருந்தனர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் கைத்தொழில் வல்லவர்; தாம் செய்ததை விற்றுக் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் செலவிட்டவர். குடும்பத்துக்குச் செலவிட்டபின் பிறருக்குத் தர்மம் செய்ய ஏதும் மிஞ்சவில்லையே என அவர் வருந்திக் கேட்டபோது, குடும்பத்துக்குச் செய்த செலவுக்கும் நற்கூலி உண்டு என நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதைத் தர்மம் செய்தார்கள். தாவூத் (அலை) அவர்கள் தம் கையுழைப்பிலேயே உண்டார்கள் என்பது ஹதீஸ். கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் கோக்குமாறு அவர்களுக்கு இறைவன் கட்டளையிட்டான் என்பது திருமறை (34:11). வளையத்தை அளந்து கோப்பதும் இறைக்கட்டளைக்கு உரிய பொருளாயிற்று.

சட்டம் பிரித்துவைத்த கூலி

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். கைபர்ப் போர்க்காலத்தில் ஃபளாலா பின் உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணியும் கலந்த ஒரு கழுத்தணியை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பின்னர் பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த பொன் மட்டுமே 12 தீனாருக்கு மேற்பட்டிருந்தது. இவ்வாறானதைப் பிரித்துப் பாராமல் விற்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. பொன்னுக்குப் பொன் மாற்றும்போது எடை சமமாக இருக்க வேண்டும், மிகுந்தால் வட்டியாகும். விலையாகத் தரும் பொன், நகையிலுள்ள பொன்னைவிட மிகுதி என்பது உறுதியானால், அம்மிகுதி மணிகளுக்கு ஈடாகும் என ஹனஃபி அறிஞர்கள் விளக்கினர்.

முவத்தாவில் மற்றொரு செய்தி. ஒரு பொற்கொல்லர் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் வந்து, தாம் பொன்னை நகையாக்கி, அதன் எடையைவிட மிகுந்த பொன்னுக்கு விற்பதாகவும், அம்மிகுதி தம் கையுழைப்புக்கு ஈடு என்றும் கூறினார். திரும்பத் திரும்பக் கேட்டும் இப்னு உமர் (ரலி) அதனை அனுமதிக்கவில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கைத்தொழிலாளிக்கு எதிரான தீர்ப்பாக இது தோன்றலாம். உண்மை அதுவன்று. கூலி கூடாது என்பது அதன் பொருளன்று. கூலியைப் பொன்னின் எடைக்குள் ஒளித்து வாங்கக் கூடாது என்பதே பொருள். கூலியைக் கூலியாகவே பேசிப் பெறலாம். நகையை வேறு நாணயத்துக்கு விற்று உரிய விலையும் பெறலாம். பழைய நகையைக் கொடுத்துப் புது நகை வாங்கும் நம் பெண்கள், பழையதைப் பணத்துக்கு விற்றுப் பணத்தைக் கையில் பெற்றுப் பின் புதியதை வாங்க வேண்டும் என அறிஞர்கள் வலியுறுத்துவதற்கும் இதுவே அடிப்படை.

பொருள் வேறு, கை வேறு என்று சட்டம் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்திருக்கிறது. பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்திருந்தால், மண்மாலையைப் பார்த்து “மண்தானே” என்று சொல்ல மாட்டோம். மண்ணைப் பிரித்து ஒருபுறம் வைத்தபின் எஞ்சியிருப்பது முழுவதும் கைதான் என்பது அப்போது விளங்கும்.

சொல்லிச் செய்வித்தல் பற்றிய சட்டமும் இங்குப் பொருந்தும். இன்ன நிறம், இன்ன அளவு எனக் கூறிப் பொருள் செய்யச் சொல்வதை ‘இஸ்திஸ்னாஃ’ என்பர். நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஒரு மோதிரம் செய்வித்தார்கள் என்னும் ஹதீஸில் இச்சொல்லின் வினைவடிவமே வந்துள்ளது. செய்த பொருளைப் பார்த்தபின் வாங்குபவர் மறுக்கலாமா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வாங்குபவருக்கு உரிமை தந்தார்கள். சொன்னபடியே செய்திருந்தால் மறுக்க முடியாது என்பது இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களிடமிருந்து அறிவிக்கப்படும் கருத்து. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டநூல், தொழிலாளி இழப்புக்குள்ளாவதைத் தவிர்க்கும் பின்னதையே ஏற்றது. மணப்பெண்ணின் சேலை நிறத்துக்கு ஏற்ப ஒரு தொகுப்பைச் செய்யச் சொல்லிவிட்டு, முடிந்தபின் “வேண்டாம்” என ஒரு சொல்லில் செய்தி அனுப்புவோர் இதனை அறிய வேண்டும். அந்த நிறம் வேறு யாருக்கும் பயன்படாது.

செய்பவருக்கும் கடமைகள் உண்டு. வேகாத மணியை வண்ணத்தால் மறைத்து விற்பது, ஈரத் தானியத்தை உலர்ந்ததன் அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த அதே மோசடியாகும். சொன்ன நாளில் தர வேண்டும். ஸகாத்தும் உண்டு. அணிந்துகொள்ளும் பொன்னுக்கு ஹனஃபி மத்ஹபில் ஸகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், அனுமதிக்கப்பட்ட அளவிலான அணிக்கு இல்லை. மண்நகையை அணிபவருக்கு எந்த மத்ஹபிலும் ஸகாத் இல்லை. ஆனால் விற்பனைக்காகச் செய்து வைத்திருப்பவருக்கு அது வணிகப் பொருள். ஏனைய பணத்தோடு சேர்த்து நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால் இரண்டரை விழுக்காடு கடமையாகும். சாயக்காரரின் சாயம் துணியில் தங்குவதால் அது வணிகப் பொருள். வண்ணாரின் சவுக்காரம் தங்காததால் அது வணிகப் பொருளன்று என ஃபிக்ஹ் நூல்கள் வேறுபடுத்துகின்றன. அவ்வாறே விலைக்கு வாங்கிய மண்ணும் வண்ணமும் கொக்கியும் கணக்கில் சேரும். வறட்டியும் ஊசியும் சூளையும் சேரா.

மதிப்பைக் குறைத்தல்

பேரம் பேசுவது மார்க்கத்தில் விலக்கப்பட்டதன்று. ஆனால் ஷுஐப் (அலை) அவர்கள் தம் மக்களுக்குக் கூறிய அறிவுரையில், அளவையையும் நிறுவையையும் நிறைவு செய்யுமாறு சொன்னதோடு நிறுத்தாமல், மக்களுக்கு அவர்களுடைய பொருள்களைக் குறைத்துவிடாதீர் என்றும் எச்சரித்தார்கள் (7:85, 11:85, 26:183). அங்கே வரும் ‘பக்ஸ்’ என்ற சொல், எடையைக் குறைப்பதை மட்டுமன்றி, பிறர் பொருளைக் குறைகூறி மதிப்பிறக்கிக் குறைந்த விலைக்குப் பறிப்பதையும் தழுவும் என விரிவுரையாளர்கள் விளக்குவர். யூசுஃப் (அலை) அவர்கள் சில வெள்ளிக்காசுகளுக்கு விற்கப்பட்டதைச் சொல்லும் இடத்திலும் (12:20) இறைவன் ஆண்டிருப்பது இதே சொல்லே. விலைமதிப்பற்ற ஒருவரை, அவருடைய மதிப்பை அறியாதவர்கள் என்ன விலைக்கு விற்றனர் என்பதைக் காட்டும் சொல் அது.

2025 டிசம்பரில் ஒரு சவரன் பொன்னின் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டியது. மஹராக ஓர் இரும்பு மோதிரமேனும் தேடிப் பார் என்று ஓர் ஏழைத் தோழருக்குக் கூறிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தில், மணமகளின் தந்தை சவரன் கணக்கில் கடனாளியாகும் அவலம் இன்னும் தீரவில்லை. மண்நகை அதற்கு மாற்று என்று சொல்ல வரவில்லை. அணியின் அழகு வேறு, பொன்னின் எடை வேறு என்பதை அது நம் கண்முன் காட்டுகிறது, அவ்வளவே. அப்பாடத்தைக் கற்றுக்கொண்டால் இரு நன்மைகள் விளையும்: எடையின் மேல் கொண்ட மோகம் தணியும், கையின் மேல் மதிப்பு பிறக்கும்.

அடுத்த பெருநாளுக்கோ திருமணத்துக்கோ நம் ஊர்ப் பெண்ணொருத்தியிடம் ஒரு மாலை வாங்க நேர்ந்தால், அவள் சொல்லும் விலையைக் கேட்டதும், அதில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று மனத்துக்குள் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சூளைக்கு முன் வடியும் வியர்வையும் அக்கணக்கில் அடங்கும். பிறருடைய பொருளின் மதிப்பைக் குறைக்காத நேர்மையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.